பட்ஜெட் இல்லையாம்... ரெண்டு நிமிஷமாவது இருக்கா?

முதலில் ஒரு வாக்குமூலம். போன செமஸ்டரில் எங்கள் செட்டு எடுப்பதாக இருந்த குறும்படம் என்ன ஆச்சு என்று கேட்ட எல்லோரிடமும் "பட்ஜெட் இல்ல மச்சி, டிராப் பண்ணிட்டோம்" என்று சொல்லித் திரிந்தேன். அது பச்சைப் பொய். பொய் என்று எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. தெரியவைத்தது ஒரு ஜப்பான் படம். எழுபது நிமிஷம், ஒரு கஃபே, ஒரு டிவி, செல்போனில் எடுத்தது. அவ்வளவுதான்.

இது விமர்சனம் இல்லை மக்களே. நட்சத்திரம், மார்க் எல்லாம் போடப் போவதில்லை. இது சண்டை. மூன்று கோஷ்டிகளோடு சண்டை. ஒன்று, காசு இல்லாமல் மாயாஜாலக் கதை எடுக்கவே முடியாது என்பவர்கள். இரண்டு, "குறைந்த பட்ஜெட்டுக்கு இது பரவாயில்லை" என்று முதுகில் தட்டிக் கொடுப்பவர்கள். மூன்று, கையில் போன் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் இயக்குநர் என்று ஜல்லியடிப்பவர்கள். மூன்று கோஷ்டியிலும் வெவ்வேறு மாதங்களில் நானே இருந்திருக்கிறேன். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

படத்தின் ஆங்கிலப் பெயர் 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்'. 2020ல் ஜப்பானில் வெளியானது. இயக்கம் ஜுன்டா யமகுச்சி. கேமராவும் அவரேதான். கதை, திரைக்கதை மகோட்டோ உவேடா. சீனியர் அண்ணன் ஒருவர் "எழுபது நிமிஷம்தான்டா, பாரு" என்று சொல்லியிருந்தார். மறுநாள் இன்டர்னல் பரீட்சை. படிக்காமல் இருக்க எழுபது நிமிஷம் என்பது நல்ல அளவு. சப்டைட்டிலோடு உட்கார்ந்தேன்.

கதையின் ஆரம்பத்தை மட்டும் சொல்கிறேன். நடுவில் ஒரு இடத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு முன் எச்சரிக்கை தருகிறேன்.

கட்டோ என்று ஒருவன். கியோட்டோவில் சின்னதாக ஒரு கஃபே வைத்திருக்கிறான். கீழே கடை, மாடியில் வீடு. கடையை மூடிவிட்டு மேலே போகிறான். கிட்டார் வாசிக்கும் பிக்கைக் காணோம், தேடுகிறான். அப்போது அவனுடைய கம்ப்யூட்டர் திரையில் அவனே தெரிகிறான். கீழே கஃபேயில் நின்றுகொண்டு பேசுகிறான். "நான்தான் நீ. ரெண்டு நிமிஷம் கழிச்சு இருக்கற நீ" என்கிறான். பிக் எங்கே கிடக்கிறது என்றும் சொல்கிறான். தேடினால் அங்கேயே கிடக்கிறது. குழம்பிப்போய்க் கீழே ஓடுகிறான். கஃபே டிவியைப் பார்த்தால், அதில் மாடி அறை தெரிகிறது. அங்கே பிக்கைத் தேடிக்கொண்டிருக்கும் இவனே, ரெண்டு நிமிஷம் முன்னால் இருந்த இவனே, திரையை வெறிக்கிறான். இப்போது இவன் என்ன செய்ய வேண்டும்? மேலே கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்கிறான்.

முடிந்தது. படத்தின் மொத்த விஞ்ஞானமும் இவ்வளவுதான். மாடித் திரையில் ரெண்டு நிமிஷம் முன்கூட்டித் தெரியும், கஃபே டிவியில் ரெண்டு நிமிஷம் பின்தங்கித் தெரியும். ஏன் இப்படி ஆச்சு? யாரும் விளக்கவில்லை. மின்னல் அடிக்கவில்லை, விஞ்ஞானி வரவில்லை, நீல வெளிச்சம் சுழலவில்லை. ஒரு விதி. அந்த விதியைக் கடைசிவரை ஏமாற்றாமல் நடத்துகிறார்கள்.

அப்புறம் நண்பர்கள் வருகிறார்கள். நம்ம பசங்க மாதிரியே. இப்படி ஒரு அதிசயம் கையில் கிடைத்தால் உலகத்தைக் காப்பாற்றவா யோசிப்பார்கள்? அற்ப விஷயங்களுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். பிறகு ஒருவனுக்கு ஐடியா வருகிறது. மாடித் திரையைக் கீழே கொண்டுவந்து கஃபே டிவிக்கு எதிரெதிராக வைத்தால்?

இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் வேண்டாம், நம்மூர் சலூன் போதும். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, நடுவில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நாம். கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொரு கண்ணாடி, வரிசையாக நம் தலை சிறுத்துக்கொண்டே போகும். சின்ன வயதில் அந்தக் கடைசித் தலை எங்கே முடிகிறது என்று எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியவன் நான். இங்கே கண்ணாடிக்குப் பதில் இரண்டு திரை. முதல் கட்டத்தில் ரெண்டு நிமிஷம் கழித்து நடப்பது, அதற்குள் தெரியும் கட்டத்தில் நாலு நிமிஷம், அதற்குள் ஆறு, எட்டு... படத்தின் ஜப்பானியப் பெயரிலேயே 'டிரோஸ்டே' என்ற சொல் வருகிறது. டிரோஸ்டே என்பது ஹாலந்து நாட்டு கோக்கோ கம்பெனி. அதன் டப்பாவில் ஒரு பெண் தட்டு ஏந்தி நிற்பாள், தட்டில் அதே டப்பா இருக்கும், அந்த டப்பாவில் அதே பெண் இருப்பாள். படத்துக்குள் படம் போகும் இந்த உத்திக்கே அந்த கோக்கோ டப்பாவின் பெயர்தான்.

இந்த இடத்தில் நான் பரீட்சையை மறந்துவிட்டேன். ரூம்மேட்டை எழுப்பிவிட்டேன். அவன் திட்டிவிட்டு, அப்படியே உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்தான்.

இனி சண்டை.

முதல் கோஷ்டி: காசு இல்லாமல் மாயம் இல்லை என்பவர்கள்.

இவர்களிடம் ஒரே கேள்வி. இந்தப் படத்தில் எது மாயம்? திரையில் தெரிவது முன்பே எடுத்து வைத்த வீடியோ என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த மனிதன் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடிவந்து, டிவி முன் நின்று, சற்று முன் தான் கேட்ட அதே வசனத்தை அதே தடுமாற்றத்தோடு சொல்லும்போது ரோமம் சிலிர்க்கிறது. ஏன்? ஏனென்றால் நமக்கு விதி தெரியும். ரெண்டு நிமிஷம் ஆகும் என்று தெரியும். மனசுக்குள் நாமே நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிராஃபிக்ஸ் காட்டும் வித்தையை நாம் வேடிக்கை பார்க்கிறோம். இந்த வித்தைக்குள் நாமும் கணக்குப் போடுகிறோம். மாயம் நடப்பது அந்தக் கணக்கு சரியாக வந்து விழும் நொடியில்தான். அதற்குக் காசு தேவைப்படவில்லை. விதி தேவைப்பட்டது.

எங்கள் கதையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கொசுவத்தி. கனவில் வரும் ஒரு பாட்டி, பறக்கும் சைக்கிள், கடிகாரம் பின்னோக்கி ஓடும் ஒரு ஊர். பாட்டி ஏன் வருகிறாள்? சைக்கிள் எப்போது பறக்கும், எப்போது பறக்காது? ஒருவருக்கும் தெரியாது. எழுதிய எனக்கே தெரியாது. "அதெல்லாம் விஷுவல்ல பாத்துக்கலாம்" என்பதுதான் அன்றைய பதில். கேமரா வாடகைக்கு ஆளுக்கு 1500 ரூபாய் என்று 14 பேரிடம் வசூல் பண்ணத் திட்டம் போட்டோம், ஆறு பேர்தான் கொடுத்தார்கள், படம் நின்றது. அந்த 21,000 ரூபாய் முழுசாக வந்திருந்தால்? நல்ல கேமராவில் எடுத்த மொக்கை ஒன்று கிடைத்திருக்கும். கதையில் இருந்த ஓட்டையை வாடகை லென்ஸ் அடைக்காது.

இரண்டாவது கோஷ்டி: முதுகில் தட்டிக் கொடுப்பவர்கள்.

"குறைந்த பட்ஜெட்டில் இந்த அளவுக்கு எடுத்திருப்பதே பெரிய விஷயம்." இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாராட்டு மாதிரித் தெரியும், ஆனால் உள்குத்து. "உன்னால் முடிந்தது இவ்வளவுதான், பாவம்" என்பதைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுப்பது. இந்தப் படத்துக்கு அந்தச் சலுகை மதிப்பெண் தேவையே இல்லை. நூறு மடங்கு பணம் கொடுத்திருந்தால் இது நூறு மடங்கு நன்றாக வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஷாட்டில் போவது போலப் படம் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறுகல் மாடிப்படியில் கட்டோவின் பின்னாலேயே ஓட ஒரு சின்ன போன்தான் தோது. கடையும் வீடும் சின்னதாக இருப்பதால்தான் ரெண்டு நிமிஷத்துக்குள் எல்லோரும் ஏறி இறங்க முடிகிறது. பங்களாவாக இருந்தால் கதையே நடக்காது. சிறியதாக இருப்பது இங்கே குறை இல்லை, கதைக்கு வேண்டிய அளவு.

பட்ஜெட்டைப் பார்த்துக் கருணை காட்டுபவர், நாளைக்கு நாம் எடுக்கும் மொக்கைக்கும் அதே கருணையைக் காட்டுவார். அதுதான் ஆபத்து. "பசங்க ஏதோ ட்ரை பண்ணியிருக்காங்க" என்ற கைதட்டலைக் கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் வாங்கிப் பழகியவனுக்கு இது புரியும். அந்தக் கைதட்டலில் யாரும் முன்னேறியதாக நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கோஷ்டி: போன் இருந்தால் போதும் என்பவர்கள்.

இவர்கள்தான் மற்ற இரண்டு கோஷ்டியையும் விட ஆபத்தானவர்கள், ஏனென்றால் நம் பக்கம் நிற்பது போலவே தெரிவார்கள். படம் செல்போனில் எடுத்தது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் போனைப் பிடித்தவர் யார்? முன்னால் நடித்தவர்கள் யார்?

யூரோப் கிகாகு என்பது கியோட்டோவில் இருக்கும் ஒரு நாடகக் குழு. 1998ல் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆமாம், நம்மை மாதிரி காலேஜ் பசங்கதான். மகோட்டோ உவேடா அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 2001லேயே 'சம்மர் டைம் மெஷின் ப்ளூஸ்' என்று ஒரு நாடகம் போட்டார்கள். அதில் ஒரு காலேஜ் அறிவியல் புனைகதைக் கிளப் பசங்களுக்கு டைம் மெஷின் கிடைக்கும். அதை வைத்து என்ன செய்வார்கள் தெரியுமா? உடைந்துபோன ஏ.சி. ரிமோட்டை நேற்றிலிருந்து எடுத்துவரப் போவார்கள்! அது 2005ல் சினிமாவாகவும் வந்தது. உவேடா பிறகு 'தி டாடாமி கேலக்ஸி' என்ற 2010 அனிமே தொடருக்கு எழுதினார். அதிலும் ஒரு கல்லூரி மாணவன் தன் கல்லூரி வாழ்க்கையைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாக வாழ்வான். கட்டோவாக நடித்த கஸுனாரி தோசா (நம்ம தோசை இல்லை, பெயரே அதுதான்) அந்த நாடகக் குழுக்காரர். நண்பர்களாக வருபவர்களும் பெரும்பாலும் அதே குழுதான்.

கணக்குப் போடுங்கள். 1998லிருந்து 2020 வரை 22 வருஷம். காலத்தோடு விளையாடும் சின்னச் சின்ன யோசனைகளை ஒரே ஊரில் இருந்துகொண்டு திரும்பத் திரும்பச் செய்துபார்த்த ஆட்கள். எதிரில் இருப்பவன் எந்த நொடியில் மூச்சு இழுப்பான் என்று தெரிந்த ஆட்கள். படத்தில் நீங்கள் பார்க்கும் அந்த ஒத்திசைவுக்குப் பின்னால் இருப்பது இது.

அப்புறம் இந்தச் சிக்கலையும் யோசித்துப் பாருங்கள். திரையில் தெரியும் காட்சியை முதலில் எடுத்தால்தான் அதற்கு எதிரே நின்று நடிக்க முடியும். ஆனால் அந்தத் திரைக் காட்சியில் நடிப்பவர், இன்னும் எடுக்காத எதிர்க்காட்சிக்கு பதில் பேசிக்கொண்டிருக்கிறார். எதை முதலில் எடுப்பது? முட்டையா கோழியா? எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் மறுபக்கம் நொடி சுத்தமாகத் தயாராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு வார்த்தை தாமதித்தால் ரெண்டு நிமிஷக் கணக்கு உதைக்கும், கணக்கு உதைத்தால் அடுத்த காட்சியும் போச்சு, அதற்கு அடுத்ததும் போச்சு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது படப்பிடிப்புக் காட்சிகளையும் காட்டுகிறார்கள். எழுந்து போய்விடாமல் பாருங்கள். தாவு தீர்ந்திருக்கிறார்கள். அதே சமயம் முகத்தைப் பார்த்தால் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஆகவே இது செலவில்லாத படம் இல்லை ஐயா. பணத்தில் குறைத்ததை நேரத்தில் கொட்டிய படம். போன் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஒத்திகைக்கு வரும் ஆள்தான் இல்லை. போன செமஸ்டரில் நாங்கள் வைத்த ஒத்திகைகள் மொத்தம் இரண்டு. ஒன்றுக்கு நானே போகவில்லை.

நியாயமாக எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் குறை இல்லையா? இருக்கிறது. பின்பாதியில் ரவுடிக் கும்பல் வந்ததும் அந்த வீட்டுத் தனமான விளையாட்டு கொஞ்சம் கலைகிறது. நடிப்பு மேடை நாடகம் மாதிரி உரக்க இருக்கிறது. சில இடங்களில் நமக்காகவே விளக்கிப் பேசுகிறார்கள். இதையெல்லாம் குறை என்றே சொல்கிறேன், பட்ஜெட் என்று மன்னிக்கவில்லை. மேலே சொன்ன இரண்டாம் கோஷ்டியில் சேர எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு வாதம் கனமானது. "குறைந்த பட்ஜெட் என்றால் யாரோ ஒருத்தனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்." உண்மை. 2017ல் வந்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' என்ற இன்னொரு ஜப்பான் படத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்து 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது, ஆயிரம் மடங்கு என்று. கேட்க இனிக்கிறது. ஆனால் வசூல் கதையைச் சொல்லிச் சொல்லியே இங்கே எத்தனை பேர் நண்பர்களை இலவச வேலைக்காரர்களாக ஆக்குகிறார்கள்! ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: உழைப்பைக் கேட்டு வாங்குகிறவன் குறைந்தது சாப்பாடு போட வேண்டும், பெயர் போட வேண்டும், லாபம் வந்தால் பங்கு போட வேண்டும். பணமில்லை என்பது கதையைச் சின்னதாக்கிக்கொள்ளக் காரணமாகலாம். ஆட்களைப் பிழிவதற்குக் காரணம் ஆகாது.

இப்போது நான் சொன்ன எச்சரிக்கை. படம் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கஃபேக்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. அங்கே மெகுமி என்று ஒரு பெண். கட்டோவுக்கு அவள் மேல் ஆசை. கேட்கத் தயக்கம். திரையில் ரெண்டு நிமிஷம் கழித்து இருக்கும் கட்டோ "போய்க் கேளு, சம்மதிச்சுட்டா" என்கிற மாதிரி உசுப்பேற்றுகிறான். இவன் போகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். திரும்பி வருகிறான். டிவியில் ரெண்டு நிமிஷம் முன்னால் இருந்த தானே ஆவலோடு காத்திருக்கிறான். இப்போது என்ன சொல்வது? கேட்டது போலவே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம். அடிபட்ட முகத்தை மாற்றிக்கொண்டு, சிரித்து, தனக்குத் தானே பொய் சொல்கிறான்.

தாண்டியவர்கள் இங்கே வரலாம். படம் முழுக்க இவர்கள் திரையில் பார்த்ததை அப்படியே நடித்துக் கொடுக்கிறார்கள். திரை சொன்னபடி நடந்தாகணும் என்று யாரும் கட்டளையிடவில்லை. இவர்களாகவே பயந்துகொண்டு ஒப்பிக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் செட்டிலும் அந்த டிவி இருந்தது. அதில் தெரிந்த எதிர்கால நான் சொன்னது இதுதான்: "பட்ஜெட் இல்ல மச்சி, டிராப் பண்ணிட்டோம்." அந்த வசனத்தை நான் முதலில் கேட்டது யாரிடம்? சீனியர்களிடம். அவர்கள் அவர்களுடைய சீனியர்களிடம். ஆறு பேர் காசு கொடுத்த அன்றைக்கே, மீதி எட்டுப் பேரிடம் கேட்கக்கூடப் போகாமல், அந்த வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். தோற்றுவிடுவோமோ என்ற பயம் எனக்கு. கதையில் சரக்கு இல்லை என்று உள்ளுக்குள் தெரியும். பட்ஜெட் என்ற சொல் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை. போன வாரம்வரை அதைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

இயக்குநர் யமகுச்சி 2023ல் 'ரிவர்' என்று அடுத்த படம் எடுத்தார். கியோட்டோவுக்கு வடக்கே கிபுனே என்ற மலையூரில் ஒரு சத்திரம், அங்கே எல்லோருக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை காலம் திரும்ப முதலிலிருந்து ஓடும். கவனித்தீர்களா? மறுபடியும் அதே ரெண்டு நிமிஷம். உலகமெங்கும் பேர் கிடைத்த பிறகும் அந்த மனிதர் பெரிய டிவி தேடிப் போகவில்லை. ரெண்டு நிமிஷத்துக்குள் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தோண்டப் போயிருக்கிறார்.

எங்கள் செட்டுக்கு: பறக்கும் சைக்கிள் கதையை நானே கிழித்துப் போட்டுவிட்டேன். புதுக் கதை ஹாஸ்டல் மாடிப்படியில் நடக்கிறது. ஒரே ஒரு விதி, மூணு பேர், பன்னிரண்டு நிமிஷம். விதி என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். கடைசி செமஸ்டரில் இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மொட்டைமாடியில் முதல் ஒத்திகை. காசு கொண்டுவர வேண்டாம். கொடுத்த ஆறு பேருக்கும் பணம் அன்றைக்கே திரும்பக் கிடைக்கும். போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். டீயும் பஜ்ஜியும் என் செலவு. இந்த முறை நான் வருவேன்.

டிஸ்கி: இன்டர்னல் மார்க் என்ன என்று கேட்டு யாரும் கும்மியடிக்க வேண்டாம். ரெண்டு நிமிஷம் முன்கூட்டிக் காட்டும் டிவி ஒன்று பரீட்சை ஹாலில் இருந்திருந்தால் அது வேறு கதை.